‘பெலும்’ என்பதற்குக் கட்டம் இல்லை

2010-ஆம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு தேசியப் பள்ளிக்குப் போனார். எனக்குப் பதின்மூன்று வயது. மலாயில் பாரம் நிரப்ப வேண்டும், டீச்சர் கேட்பதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் நான். தம்பிக்கு, அதாவது சித்தி மகனுக்கு, அடுத்த ஜனவரியில் முதலாம் ஆண்டு தொடங்க வேண்டிய வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. இங்கே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் நல்ல மாதிரி. தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார், பெயர் கேட்டார், ஒரு மிட்டாய் கொடுத்தார். பிறகு பாரத்தைப் பார்த்துக் கேட்டார்: “போலே பெர்கி தண்டாஸ் செண்டிரி?” தானாகக் கழிவறைக்குப் போவானா? சித்திக்கு அந்த அளவுக்கு மலாய் புரியும். ஆனாலும் என்னைத்தான் பார்த்தார்.

“இன்னும் இல்லப்பா. பழக்கிட்டிருக்கேன்னு சொல்லு.”

நான் “பெலும்” என்றேன்.

இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ‘திடாக்’ வேறு, ‘பெலும்’ வேறு. முன்னது இல்லை. பின்னது இன்னும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால் அறுபது வயதுக்காரரும் ‘பெலும்’ என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பாரத்தில் இரண்டே கட்டங்கள்: ‘யா’, ‘திடாக்’. டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ‘திடாக்’ கட்டத்தில் கோடு போட்டார். இடம் இல்லை என்ற பதில் பிறகு தபாலில் வந்தது.

இதை நான் பல ஆண்டுகள் மறந்தே போயிருந்தேன். 2019-இல் பல்கலைக்கழகப் பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தபோது, கல்வி அமைச்சு ‘ஜீரோ ரிஜெக்ட்’ கொள்கையை அறிவித்த செய்தியைக் கைப்பேசியில் படித்தேன். முதலில் ஏதோ ஃபேக்டரி சுலோகம் என்றுதான் நினைத்தேன். எங்கள் இடத்தில் ரிஜெக்ட் என்றால் சிவப்புப் பெட்டியில் போய் விழும் உதிரிபாகம். உள்ளே படித்தால் அது பிள்ளைகளைப் பற்றியது. உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி இனித் திருப்பி அனுப்பக்கூடாது. அப்படியென்றால் அதுவரை திருப்பி அனுப்பலாம் என்று எங்கோ எழுதியிருந்திருக்க வேண்டுமே? அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது.

எழுதித்தான் இருந்தது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1997-இல் சிறப்புக் கல்வி விதிகள் வந்தன. அரசுப் பள்ளிகளின் சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேர ஒரு பிள்ளை ‘போலே டிடிடிக்’ ஆக இருக்க வேண்டும் என்றன அவை. கற்பிக்கப்படத் தக்க பிள்ளை. (நாடெங்கும் ‘மலேசியா போலே’ என்று முழங்கிக்கொண்டிருந்த காலம் அது.) யார் கற்பிக்கப்படத் தக்கவர்? விதியே விளக்கம் சொல்கிறது. பிறர் உதவியை நம்பியிராமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர். அத்தோடு, தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற முடியும் என்று ஒரு குழு உறுதிசெய்தவர். குழுவில் மருத்துவர், கல்வி அமைச்சு அதிகாரிகள், சமூகநலத் துறை அதிகாரிகள். பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை.

யாருக்கு இடமில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்கள், கடுமையான உடற்குறை உள்ளவர்கள், கடுமையான மனவளர்ச்சிக் குறை உள்ளவர்கள். உடலில் மட்டும் குறையிருந்து மற்றவர்களைப் போலவே படிக்கக் கூடிய பிள்ளைக்கும் இந்தத் திட்டம் கிடையாது. அவர் சாதாரண வகுப்புக்குப் போகலாம். வகுப்பு மாடியில் இருந்தால் சக்கர நாற்காலி எப்படி ஏறும் என்பது இந்த விதியின் கவலை இல்லை.

அந்த டீச்சர் கேட்ட கேள்வி அவருடைய சொந்தக் கேள்வி அல்ல என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அதற்கும் மேல், அது மலேசியாவில் பிறந்த கேள்வியும் அல்ல. நூறு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிய கேள்வி.

கட்டாயக் கல்வி வருவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கே போகாத காலத்தில், போகாத ஒரு பிள்ளையை மட்டும் தனியாகப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அரசுகள் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து அமர்த்தியபோதுதான் மற்றவர்களோடு ஓட முடியாத பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்த அதே கையால்தான் சல்லடையையும் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கிலாந்தில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்காக 1893-இல் ஒரு சட்டம். ‘குறைபாடுள்ள’ பிள்ளைகளுக்காக 1899-இல் இன்னொன்று. 1904-இல் பிரெஞ்சு அரசு அமைத்த ஒரு குழுவில் ஆல்பிரட் பினே என்ற உளவியலாளர் இருந்தார். சாதாரண வகுப்பில் முன்னேற முடியாத பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது குழுவின் முன்னிருந்த கேள்வி. மறு ஆண்டே அவரும் தியோடர் சிமோனும் முப்பது சிறு சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்து கொடுத்தார்கள். இன்றைய ஐ.க்யூ. சோதனைகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

பினேயைத் திட்டுவது எளிது; நியாயம் ஆகாது. அறிவு மாறாத ஓர் அளவு என்று அவர் நம்பவில்லை. 1909-இல் வந்த தன் புத்தகத்தில் அப்படி நம்பியவர்களைக் கடுமையாகவே மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் மனத்தையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்பது அவர் கட்சி. ஆனால் 1911-இல் அவர் இறந்துவிட்டார். அதற்குள் ஹென்றி காடார்ட் அந்த அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பிறவிலேயே தாழ்ந்தவர்களைப் பிரித்தெடுக்கும் கருவியாக்கியிருந்தார். எங்கள் தொழிற்சாலையில் ‘கோ, நோ-கோ’ கேஜ் என்று ஒன்று உண்டு. பாகத்தை அதில் நுழைத்துப் பார்ப்பார்கள். போனால் சரி, போகாவிட்டால் சிவப்புப் பெட்டி. எவ்வளவு குறைகிறது, எங்கே தேய்த்தால் சரியாகும் என்றெல்லாம் அது சொல்லாது. பினே செய்தது அளவுகோல். அதை வாங்கிப் போனவர்கள் கேஜாகப் பயன்படுத்தினார்கள்.

அளவுகோல்கூட இல்லாமல் தள்ளிய கதைகளும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அன்டிகோ என்ற ஊரில் மெரிட் பீட்டி என்ற பையன். பிறவியிலேயே பக்கவாதம், பாடத்தில் மற்றவர்களுக்குச் சளைத்தவன் அல்ல, ஐந்தாம் வகுப்பு வரை சாதாரணப் பள்ளியில்தான் படித்தான். எச்சில் வழிகிறது, பேச்சு குழறுகிறது, பார்க்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மனம் சங்கடப்படுகிறது என்று காரணம் சொல்லி நிறுத்தினார்கள். 1919-இல் மாநில உச்ச நீதிமன்றமும் பள்ளி வாரியத்தின் பக்கமே நின்றது. அங்கே பையனுக்குப் படிப்பு வருமா என்ற கேள்வியே எழவில்லை. அவனை மற்றவர்களால் சகித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் வழக்கு.

இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைப் பலரும் பாராட்டுவார்கள். அனைவருக்கும் இடைநிலைக் கல்வி தந்த சட்டம். அதற்குள்ளேயே ஒரு பிரிவு, பள்ளியில் கல்வி பெற இயலாத பிள்ளைகளைக் கண்டறிந்து, கல்வித் துறையிலிருந்து வெளியே அனுப்பச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் அதன்பின் சுகாதாரத் துறையின் பொறுப்பு. பயிற்சி மையம், மருத்துவமனை வார்டு, அல்லது வீடு. உங்கள் பிள்ளைக்குக் கற்பிக்க இயலாது என்ற செய்தி பெற்றோருக்கு அதிகாரபூர்வமான கடிதமாகவே போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு தாய் ஜூடி ஃபிரைட். 1946-இல் ஒரு பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார்: என்னைப் போல் வேறு பெற்றோர் இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று. கடிதங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து பிறந்த பெற்றோர் சங்கம்தான் இன்று மென்கேப் என்ற பெயரில் இயங்குகிறது. இருந்தாலும் அந்தப் பிரிவை அழிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1970-இல் ஒரு புதிய சட்டம் இயற்றப்பட்டு 1971 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாற்றப்பட்டார்கள். அந்தத் தேதியிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘கற்பிக்க இயலாத பிள்ளை’ என்று சட்டத்தில் ஒருவரும் இல்லை.

அதே 1971-இல் அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் பள்ளிச் சட்டமும் ‘கற்பிக்கவோ பழக்கவோ இயலாதவர்’ என்று சான்று பெற்ற பிள்ளைகளைத் தள்ளலாம் என்றது. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைச் சேர்க்காமலே விடலாம் என்றும் சொன்னது. தள்ளப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பென்ஹர்ஸ்ட் என்ற பெரிய அரசுக் காப்பகம். 1968-இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் அதற்குள் கேமராவைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஊரே அதிர்ந்தது. பிறகு மாநிலத்தின் பெற்றோர் சங்கம் நீதிமன்றம் போனது. அவர்களுக்காக வாதாடிய தாமஸ் கில்ஹூலின் தம்பியே பென்ஹர்ஸ்டில் இருந்தவர்.

கில்ஹூல் தரப்பில் சாட்சி சொல்ல வந்த நிபுணர்கள் ஒரு விஷயத்தை எளிமையாகச் சொன்னார்கள். கல்வியால் பயனடைய முடியாத பிள்ளை என்று ஒருவரும் கிடையாது. பெரும்பாலோர் சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு வருவார்கள். மீதிச் சிலரும் தம்மை ஓரளவு தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருவார்கள். மாநில அரசு அதற்கு மேல் வாதாடாமல் உடன்பாட்டுக்கு வந்தது. 1971 அக்டோபரில் ஆணை, 1972 மே மாதம் இறுதி ஒப்புதல். அந்த நிபுணர்கள் சொன்னது தீர்ப்பிலும் ஏறியது.

‘தம்மைத் தாமே பார்த்துக்கொள்வது.’ பென்சில்வேனியாவில் அது கல்வியின் பலன். கடைசியில் கிடைப்பது. இருபத்தைந்து ஆண்டு கழித்து நம் விதிகளில் அதே வாசகம் நுழைவுச் சீட்டாக நிற்கிறது. கழிவறைக்குப் போகப் பழகுவது, சட்டைப் பொத்தான் போடுவது, கரண்டியைப் பிடிப்பது எல்லாம் சில பிள்ளைகளுக்குப் பாடம். பாடம் தெரிந்தால்தான் பள்ளியில் சேர்ப்போம் என்றது 1997.

அமெரிக்காவிலும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. 1972-இல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த மில்ஸ் வழக்கில், பணமில்லை என்பது பிள்ளையை வெளியே நிறுத்தக் காரணமாகாது என்று தீர்ப்பு வந்தது. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்ட் நாடு முழுவதற்குமான சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருக்கிறார்கள் என்று அந்தச் சட்டமே ஒத்துக்கொண்டது. கையெழுத்துப் போட்ட கையோடு, இது கொடுக்க முடியாததை வாக்களிக்கிறது என்று ஃபோர்ட் முணுமுணுக்கவும் செய்தார். செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்பது பேச்சு. இன்றுவரை அந்த எண்ணை எட்டவில்லை. அந்த வகையில் மனிதர் சொன்னது சரிதான்.

சட்டம் வந்த பிறகும் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் ராச்செஸ்டர் பள்ளி மாவட்டம் திமோதி என்ற சிறுவனைச் சேர்க்க மறுத்தது. கை கால்கள் செயலற்றவை, பார்வை இல்லை, வலிப்பு வேறு. இவன் எதையும் கற்றுப் பயனடையப் போவதில்லை என்பது வாதம். 1988-இல் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றி எழுதியது: பயனடைவான் என்று ஒரு பிள்ளை முதலில் நிரூபிக்க வேண்டியதில்லை, சட்டம் யாரையும் தள்ளச் சொல்லவில்லை. அந்தக் கொள்கைக்கு அமெரிக்கச் சட்ட உலகில் வழங்கிய பெயர்தான் ‘ஜீரோ ரிஜெக்ட்’. தொழிற்சாலையில் உட்கார்ந்து நான் கைப்பேசியில் படித்த சொல், அந்தத் தீர்ப்புக்கு முப்பது ஆண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே அதுவரை யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1926-இல் மலாக்காவில் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1931-இல் பினாங்குக்கு இடம் மாறியது. 1948-இல் ஜொகூர் பாருவில் பார்வையற்றோருக்கு இளவரசி எலிசபெத் பள்ளி. 1954-இல் பினாங்கில் காது கேளாதோருக்குக் கூட்டரசுப் பள்ளி. கண்ணுக்கும் காதுக்கும் வந்த அக்கறை மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வரத்தான் நாளாயிற்று. லேசான கற்றல் சிக்கல் கல்வி அமைச்சுக்கு, அதற்கு மேலே போனால் சமூகநலத் துறைக்கு என்று பிள்ளைகளை இரண்டு கோப்புகளாகப் பிரித்துவைத்திருந்தார்கள். 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தை அப்படியே பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பிரித்த கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுந்தது.

அந்த இரண்டாவது கோப்பிலிருந்து வந்ததுதான் பி.டி.கே. சமூகத்தில் வைத்தே மறுவாழ்வு தரும் மையங்கள். 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஆரம்பித்தது. இன்று பல தாமான்களிலும் கம்பங்களிலும் ஒரு மரப்பலகை வீட்டிலோ பழைய மண்டபத்திலோ அதைப் பார்க்கலாம். தம்பி அங்கேதான் போனான். அங்கே வேலை செய்த அக்காக்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் பி.டி.கே. பள்ளிக்கூடம் இல்லை. சீருடை கிடையாது, ஆண்டு ஏறாது, வரவுப் பதிவேட்டில் மாணவன் என்று பெயர் இருக்காது.

கால வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமங்காவில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில் சேர்ந்தே படிக்க வழி செய்ய வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். மூன்றே ஆண்டில் நம் விதிகள் வருகின்றன, ‘போலே டிடிடிக்’ நிபந்தனையோடு. 2003-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாகிறது. தம்பியைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் எந்த உதவியும் செய்யவில்லை. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம். 2010 ஜூலையில் மலேசியா ஐ.நா. உடன்படிக்கையை உறுதிசெய்கிறது, அதன் 24-ஆவது பிரிவு கல்வியை உரிமை என்கிறது. அதே ஆண்டின் இறுதியில்தான் நான் சித்தியோடு அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து ‘பெலும்’ என்று சொன்னேன்.

1997 விதிகளுக்குப் பதிலாக 2013-இல் புதியவை வந்தன. சேர்க்கப்படும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சோதனைக் காலம் என்றன. அந்த ஆண்டில் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினரை 2025-க்குள் சாதாரண வகுப்புகளோடு இணைக்கும் திட்டத்தில் கொண்டுவருவதாக இலக்கு வைத்தது. எண்ணைப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே வேலிக்குள் இருப்பதும் ஒரே வகுப்பில் இருப்பதும் வேறு வேறு. கேண்டீன் பக்கம் தனி வரிசையில் வகுப்பு, ஓய்வு நேரமும் தனி, சபைக்கூடலில் கடைசி வரிசை என்று இருந்தால் சேர்க்கை எண் கூடும், யாரும் யாரோடும் சேர்ந்திருக்க மாட்டார்கள். நான் படித்த பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்தது. ஐந்து ஆண்டில் அந்த வகுப்புப் பிள்ளை ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் கதை ரொம்ப வித்தியாசம் இல்லை. சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000-இல் நிறைவேறி 2003-இல் நடப்புக்கு வந்தது. பொதுப் பள்ளிக்குப் போக முடியாத சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ‘விலக்கு’. கேட்க ஏதோ சலுகை மாதிரி இருக்கிறது. 2019-இல் தொடக்கநிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளிலிருந்துதான் அந்த விலக்கு போனது. மலேசியாவில் ஜீரோ ரிஜெக்ட் வந்த அதே ஆண்டு. இவ்வளவு எல்லாம் போட்டி போடும் இரண்டு நாடுகளும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

2019-இல் தம்பிக்குப் பதினைந்து வயது. கடைசியில் அவன் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்ந்தான். அதுதான் அவன் பார்த்த முதல் பள்ளிக்கூடம். எல்லாம் மலாயில். தன் பெயரை ரூமி எழுத்தில் எழுதுவான். பாட்டியோடு தமிழில்தான் பேசுவான், ஆனால் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. தமிழ்ப்பள்ளிகள் மூடப்படுவதைப் பற்றி நாம் எவ்வளவு எழுதுகிறோம். அந்தப் பள்ளிகளின் வாசலில் நின்று திரும்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, 1997 விதியை அவருக்குத் தமிழில் சொன்னேன். முறுக்கு டின்னை மூடிக்கொண்டே கேட்டார். கோபமெல்லாம் படவில்லை.

“எட்டு வயசுல தானா போக ஆரம்பிச்சிட்டான்யா. பி.டி.கே.ல அந்த ரோஹானி அக்காதான் பழக்குனாங்க. அதுக்கப்புறம் யாரும் வந்து கேக்கலையே.”

“நீங்க திரும்பப் போய்ச் சொல்லலையா சித்தி?”

“போனேன். அந்த டீச்சர் மாறிப் போயிட்டாங்க. புதுசா இருந்தவங்க பழைய பாரத்த எடுத்துப் பாத்தாங்க. அதுல திடாக்குன்னு போட்டிருந்துச்சு.”